நகை விற்றவர் என்பதோடு நிறுத்தாதீர்கள்



கலை வளர்த்த பெண்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பத்துப் பெயரை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி புகழ்ந்துவிட்டு இறங்கிவிடலாம். அப்படிப் பேசுவதற்கு நான் வரவில்லை. ஒரே ஒருவரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பெங்களூர் நாகரத்தினம்மாள்.

பெயரைச் சொன்னதும் முன்வரிசையில் பல தலைகள் ஆடுகின்றன. தெரியும், தெரியும். திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் கட்டியவர். கட்டுவதற்காக நகைகளை விற்றவர். அதற்கு மேல்? அதற்கு மேல் நமக்குச் சொல்லித்தரவில்லை. எனக்கு ஆத்திரம் அங்கேதான் பிறக்கிறது. ஒரு பெண் மூன்று நான்கு மொழி படித்தாள், சுவடி தேடி நூல் பதிப்பித்தாள், அன்றைய தெலுங்கு உலகின் பெரும் புலவரை எதிர்த்து வாதாடினாள், அரசாங்கம் அவள் புத்தகத்தைப் பறிமுதல் செய்தது. இத்தனையையும் கழித்துவிட்டு, காதிலும் கழுத்திலும் இருந்ததைக் கழற்றிக் கொடுத்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டோம். கொடுக்கிற பெண்ணைக் கும்பிட நமக்குக் கை உடனே எழுகிறது. கேள்வி கேட்கிற பெண்ணைக் கண்டால் அந்தக் கை தயங்குகிறது.

அவர் பிறந்தது 1878இல், மைசூர்ச் சீமையில் நஞ்சன்கூட்டில். தாய் புட்டலட்சுமி, தேவதாசி மரபில் வந்தவர். தகப்பனார் வக்கீல், ஆனால் மகளை வளர்த்து ஆளாக்கியது தாய் ஒருத்திதான். சமஸ்கிருதமும் தெலுங்கும் கன்னடமும் சின்ன வயதிலேயே கற்றார். சங்கீதம் முனுசாமியப்பாவிடம். அந்தக் குரு, தியாகராஜரின் நேர்ச் சீடர் வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர் வழியில் வந்தவர். ஆகவே தியாகராஜர் நாகரத்தினம்மாளுக்கு வழிபடும் தெய்வம் ஆவதற்கு முன்பே குருவுக்குக் குருவாக இருந்தவர். பிறகு சென்னைக்குக் குடிவந்தார். வீணை தனம்மாள் வாழ்ந்த அதே ஜார்ஜ் டவுன். பாடிச் சம்பாதித்தார், சொந்த வீடு வாங்கினார், சபைகளில் அவருக்கென்று ஒரு கூட்டம் வந்தது.

இப்போது அந்தப் புத்தகத்துக்கு வருகிறேன். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

தஞ்சாவூரை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மர் ஆண்ட காலம், 1739 முதல் 1763 வரை. அவர் அவையில் முத்துப்பழனி என்றொரு பெண் கவிஞர் இருந்தார். அவரும் தேவதாசி மரபினர். நம் ஆண்டாளின் திருப்பாவையைத் தெலுங்குக்குக் கொண்டுபோனவர் அவர். அவர் எழுதிய காவியம் 'ராதிகா சாந்தவனம்'. ராதை தன் கையால் வளர்த்த இளா என்ற பெண்ணைக் கண்ணனுக்கு மணம் முடித்து வைக்கிறாள். வைத்துவிட்டுத் தாங்க முடியாமல் தவிக்கிறாள், கோபிக்கிறாள். கண்ணன் வந்து அந்தக் கோபத்தைத் தணிக்கிறான். சிருங்காரம்தான், மறைக்கவில்லை. ஆனால் அதில் ஆசைப்படுவது பெண், கோபப்படுவது பெண், சமாதானம் ஆவதா வேண்டாமா என்று முடிவெடுப்பதும் பெண்.

புலவர்கள் நூலின் தொடக்கத்தில் தகப்பன், பாட்டன் பெயர் சொல்லிக் குலம் கூறுவது மரபு அல்லவா? முத்துப்பழனி தன் பாட்டியின் பெயரைச் சொன்னார், அத்தையின் பெயரைச் சொன்னார். இன்னாரிடமிருந்து எனக்குக் கவிதை வந்தது என்று பெண்வழியாகவே கணக்குச் சொன்னார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்த நூல் அச்சேறியபோது, பதிப்பித்தவர் அந்த முகப்புப் பகுதியையே வெட்டிவிட்டார்! (அவையில் சலசலப்பு) வேண்டாத பாட்டுகளை நீக்கியதையாவது அந்தக் கால ஒழுக்கக் கணக்கில் வைக்கலாம். பாட்டி பெயரை ஏன் நீக்க வேண்டும்? அதில் என்ன ஆபாசம்?

நாகரத்தினம்மாள் முதலில் பார்த்தது அந்த வெட்டுப்பட்ட புத்தகத்தைத்தான். சந்தேகம் வந்தது. மூலப்பிரதியைத் தேடினார், கிடைத்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாட்டுக்குப் பாட்டு ஒத்துப் பார்த்தார். எங்கே விட்டிருக்கிறார்கள், எங்கே மாற்றியிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தார். உ.வே.சாமிநாதையர் ஏடு ஒப்பிட்டதைப் பள்ளிப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுக்கிறோம், சொல்லத்தான் வேண்டும். அதே காலத்தில், அதே சென்னையில், கச்சேரி பாடிவிட்டு வீடு திரும்பிய ஒரு பெண்ணும் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தாள் என்று எந்த வகுப்பில் சொல்கிறோம்?

1910இல் வாவிள்ள ராமஸ்வாமி சாஸ்த்ருலு நிறுவனத்தார் அந்த முழுப் பதிப்பை வெளியிட்டார்கள். முன்னுரை நாகரத்தினம்மாளுடையது. எத்தனை முறை படித்தாலும் மறுபடி படிக்கத் தோன்றுகிறது என்றும், ஒரு பெண், அதுவும் தம் இனத்தில் பிறந்த பெண் எழுதியது என்பதால் இதைச் சரியான வடிவில் கொண்டுவருவது தமக்குக் கடமை என்றும் அதில் சொல்கிறார்.

அத்தோடு விடவில்லை. கந்துகூரி வீரேசலிங்கம் பந்துலுவின் பெயரை எடுக்கிறார். விதவைத் திருமணத்தை ராஜமகேந்திரவரத்தில் நடத்திக் காட்டிய மகத்தான சீர்திருத்தக்காரர் அவர். அவர்மீது எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் ஆந்திரக் கவிகளின் வரலாறு எழுதும்போது முத்துப்பழனியை நடத்தை கெட்டவர் என்றார். பெண் காதில் விழவே கூடாதவற்றைப் பெண் வாயால் பாடியிருக்கிறார் என்று கண்டித்தார். நாகரத்தினம்மாள் திருப்பிக் கேட்டார்: வெட்கமும் கூச்சமும் பெண்களுக்கு மட்டும்தான் உரியதா, ஆண் கவிஞருக்குக் கிடையாதா? நீங்களே பார்த்துப் பதிப்பித்த 'வைஜயந்தி விலாசம்' நூலில் இதைவிட வெளிப்படையான இடங்கள் இருக்கின்றனவே, அதை எப்படி அச்சுக்கு அனுப்பினீர்கள்?

எண்ணிப் பாருங்கள். ஆண்டு 1910. கேட்டவர் ஒரு தாசி மகள். கேட்கப்பட்டவர் ஊரே எழுந்து நிற்கும் பெரியவர். அந்தக் கேள்விக்குப் பதில் வந்ததா? பதிலாகப் போலீஸ் வந்தது. 1911இல் சென்னைப் போலீஸ் கமிஷனர் கன்னிங்ஹாம் பிரதிகளைக் கைப்பற்ற ஆணையிட்டார். அரசாங்க மொழிபெயர்ப்பாளர் பாட்டுகளைப் பிரித்துப் பார்த்து, ஆட்சேபத்துக்குரியவை என்று எழுதிக் கொடுத்தார். தெலுங்குப் பண்டிதர்கள் பலர் எதிர்த்து முறையிட்டும் அரசு இறங்கவில்லை. ஆண்கள் எழுதிய சிருங்கார நூல்கள் எத்தனையோ அலமாரியில் இருக்க, இந்தப் புத்தகம் தடைப்பட்டது. தடை நீங்கியது 1947இல், பிரகாசம் பந்துலு முதலமைச்சராக இருந்தபோது. மறுபதிப்பு வந்தது 1952இல். அந்த ஆண்டு மே மாதம்தான் நாகரத்தினம்மாள் காலமானார். முப்பதைத் தாண்டிய வயதில் அச்சிட்ட நூலுக்கு நியாயம் கிடைக்கும்போது எழுபத்து மூன்று வயது.

இந்தப் பெண்தான் ஐயா, திருவையாற்றுக்கு வந்தவர். வேறொருத்தி அல்ல.

1921இல் தியாகராஜர் சமாதி சீர்குலைந்து கிடக்கும் செய்தி எட்டியது. காவிரிக்கரையில் அந்த இடத்தைப் பெற்றார், திருப்பணி தொடங்கினார், 1925இல் குடமுழுக்கு நடத்தினார். பணம் எங்கிருந்து வந்தது என்பதுதான் உங்களுக்கு மனப்பாடம் ஆயிற்றே. சமாதிக்கு முன்னால் தியாகராஜருக்குச் சிலை வைத்தார், நித்திய பூஜைக்கு ஏற்பாடு செய்தார்.

அப்போது அங்கே தியாகராஜருக்கு ஆண்டுதோறும் ஆராதனை நடத்திக்கொண்டிருந்தவர்கள் பெரிய கட்சி, சின்ன கட்சி என்று பிரிந்து கிடந்தார்கள். கோயிலைக் கட்டியவர் போய் நின்றார். பெண் பாடக் கூடாது என்றார்கள். கல்லும் சுண்ணாம்பும் அவர் காசு. குரல் மட்டும் ஆகாது! கண்ணீர்விட்டுத் திரும்பிப் போனாரா? 1927இல் பெண்களைச் சேர்த்துக்கொண்டு மூன்றாவதாக ஒரு கட்சி கட்டினார். பெண்கள் கட்சி என்றே அதற்குப் பெயர். முன்பக்கம் ஆண்கள் கச்சேரி நடக்க, கோயிலின் பின்பக்கத்தில் பெண்கள் பாடினார்கள், கதாகாலட்சேபம் செய்தார்கள். ஒரு வருஷம் இரண்டு வருஷம் அல்ல, பதினான்கு வருஷப் போராட்டம். 1941இல்தான் கட்சிகள் ஒன்றாகி, ஆணும் பெண்ணும் ஒரே ஆராதனையில் பாடும் நிலை வந்தது. இன்று ஆராதனை நாளான பகுள பஞ்சமி காலையில் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் தியாகராஜரின் பஞ்சரத்தினம் கேட்கிறீர்களே, நாட்டையில் தொடங்கி ஸ்ரீராகத்தில் முடிவதற்குள் எத்தனை பெண் குரல் கலந்து ஒலிக்கிறது! அந்தக் குரல்களை யாரும் தானமாகக் கொடுக்கவில்லை. பின்வாசலில் நின்று பாடிப் பாடி வாங்கியது.

இங்கே இரண்டு பக்கத்திலிருந்து எனக்கு எதிர்ப்பு வரும். இரண்டுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு பக்கத்தார் சொல்வார்கள்: அம்மா, அவர் பெரிய பக்தை, தாசி குலம் என்றெல்லாம் எதற்குக் கிளறுகிறீர்கள், புனிதமான இடத்தில் அந்தப் பேச்சு வேண்டாமே. அவர்களுக்குச் சொல்கிறேன். அந்தப் பேச்சை அவரே மறைக்கவில்லை. 1949இல் எழுதிய உயிலில் தம் சொத்தைச் சமாதிக்கு எழுதிவைத்தபோது ஒரு நிபந்தனையும் வைத்தார். ஆராதனையில் பாடவும் பூஜையில் கலந்துகொள்ளவும் வரும் பெண்களை, தேவதாசிகள் உட்பட, வேறுபாடு பார்க்காமல் அனுமதிக்க வேண்டும் என்று. சாகும் தறுவாயிலும் தம் இனத்துப் பெண்ணை வாசலில் நிறுத்திவிடுவார்களோ என்ற கவலை அவருக்கு. அவருடைய சொத்தை ஏற்றுக்கொண்டவர்கள் அவருடைய குலத்தைச் சொல்லக் கூசினால், அது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

இன்னொரு பக்கத்தார் என் தோழர்கள். அவர்கள் கேட்பார்கள்: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927இல் சட்டமன்றத்தில் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கக் குரல் கொடுத்தபோது எதிர்த்து மனுப் போட்ட சங்கத்தின் தலைவர்தானே இந்த நாகரத்தினம்மாள்? ஆமாம். அவரேதான். நான் முத்துலட்சுமி ரெட்டியின் பக்கம், மூவலூர் இராமாமிர்தத்தின் பக்கம். அறியாச் சிறுமிக்குக் கோயிலில் பொட்டுக் கட்டி, பணக்காரன் கையில் ஒப்படைக்கிற வழக்கம் ஒழிய வேண்டியதே. அதை ஒழித்த 1947 சட்டம் வந்தது நல்லது. முத்துலட்சுமியின் தாயார் சந்திரம்மாளும் அந்த மரபில் பிறந்தவர்தான். இராமாமிர்தம் அதற்குள் வளர்ந்து, அதை உதறி வெளியே வந்து 1936இல் நாவலாகவே எழுதினார். அவர்களுக்குத் தெரியாத வேதனையா நமக்குத் தெரிந்துவிடும்?

ஆனால் எதிர்த்தவர்களின் மனுவை நீங்கள் படிக்க வேண்டும். எங்களுக்குக் கல்வி கொடுங்கள், சமயக் கல்வியும் இலக்கியமும் கலையும் கற்பியுங்கள் என்று கேட்டார்கள். நாங்கள் எல்லோரும் விலைமாதர் என்று சட்டம் பொத்தாம்பொதுவாகச் சொல்வதை ஏற்க மாட்டோம் என்றார்கள். தேவதாசிக் குடும்பங்களில் சொத்து தாயிடமிருந்து மகளுக்குப் போனது. கௌரவக் குடும்பத்து மகளுக்குத் தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் சம பங்கு கிடைத்தது எப்போது? 1989இல்! (கைதட்டல்) அவர்கள் பயந்ததில் பாதி அப்படியே நடந்தும்விட்டது. வழக்கம் போனது, நல்லது. கூடவே அவர்கள் மேடையும் போனது. பாட்டும் ஆட்டமும் வேறு வீடுகளுக்குக் குடிபோயின. அந்த வீட்டுப் பெண்களோ பெயரை மாற்றிக்கொண்டு, சலங்கையைப் பரணில் போட்டுவிட்டு வாழ நேர்ந்தது. நடனத்தைக் காப்பாற்றிய பாலசரஸ்வதி போன்றவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். சட்டம் சரி என்று சொல்கிற எனக்கு, அந்தப் பெண்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டோம் என்று சொல்லும் கடமையும் இருக்கிறது. நாகரத்தினம்மாள் எதிர்த்தார் என்பதற்காக அவருடைய புத்தகத்தை நாமும் ஒருமுறை பறிமுதல் செய்ய வேண்டாம்.

பெண்ணுக்கு அங்கீகாரம் எவ்வளவு தாமதமாக வந்தது என்பதற்கு இன்னொரு கணக்கு: சென்னை மியூசிக் அகாடமியில் ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை தாங்கிச் சங்கீத கலாநிதி விருது பெற்ற முதல் பெண் எம்.எஸ்.சுப்புலட்சுமி, ஆண்டு 1968. அகாடமி தொடங்கி நாற்பது ஆண்டு கழித்து. தனம்மாள் அதற்குள் இறந்து முப்பது ஆண்டு ஆகிவிட்டது, நாகரத்தினம்மாள் இறந்து பதினாறு ஆண்டு. இந்தக் கணக்கையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

திருவையாற்றுக்குப் போகிறவர்கள் தியாகராஜர் சந்நிதிக்கு எதிரில் திரும்பிப் பாருங்கள். நாகரத்தினம்மாள் கைகூப்பி உட்கார்ந்திருக்கிறார், சிலையாக. பக்கத்தில் நின்று பிள்ளைகளுக்கு என்ன சொல்கிறோம்? நகை விற்றார் என்கிறோம். அந்த இடத்திலேயே சொல்லுங்கள்: இந்த அம்மா 1910இல் ஒரு புத்தகம் பதிப்பித்தார், பெண் எழுதிய புத்தகம், அதற்காக வெள்ளைக்கார அரசாங்கத்தோடும் நம்மூர்ப் பண்டிதரோடும் மோதினார் என்று. பிள்ளைகள் கட்டாயம் அந்தப் புத்தகத்தின் பெயரைக் கேட்பார்கள். முத்துப்பழனியின் பெயரைச் சேர்த்துச் சொல்லுங்கள். அந்தக் கவிஞர் வாழ்ந்த தஞ்சாவூர் அங்கிருந்து கூப்பிடு தூரம்.

என் கோரிக்கை இரண்டே. நாகரத்தினம்மாளின் முன்னுரை, பெண்ணெழுத்து பற்றிய பாடம் நடக்கும் ஒவ்வொரு கல்லூரியிலும் தமிழில் வாசிக்கப்பட வேண்டும். ஆராதனை நாளில் பஞ்சரத்தினம் தொடங்குமுன், உயிலில் அவர் எழுதிய நிபந்தனையை மேடையில் உரக்கப் படிக்க வேண்டும். இரண்டையும் மனுவாக எழுதி வந்திருக்கிறேன். ஒன்று பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுவுக்கு, ஒன்று ஆராதனை விழாவை நடத்துபவர்களுக்கு. வாசலில் மேசைமேல் வைத்திருக்கிறார்கள், பேனாவும் இருக்கிறது. படித்துப் பார்த்து, ஒப்புதல் இருந்தால் கையெழுத்துப் போடுங்கள். முதல் கையெழுத்துக்கான இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். இந்தக் கூட்டத்தில் பாட்டுப் படிக்கும் பெண்பிள்ளை யாராவது இருந்தால், நீ எழுந்து போய் அதில் போடு, அம்மா.