ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி நிறுத்த வழி பாரு

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த வாரம் கெஸ்ட் யாரும் இல்ல. எங்க வீட்டு லாரி கதையைத்தான் சொல்லப் போறேன். அஞ்சு வருஷமா நின்னுக்கிட்டு இருந்த ஒரு லேலண்ட். அதை ஸ்டார்ட் பண்ணப் போய், நான் எவ்வளவு பெரிய தப்பு பண்ண இருந்தேன்கிறதுதான் கதை.

திருவொற்றியூர்ல பொறந்தவங்களுக்கு லாரி சத்தம் தாலாட்டு மாதிரி. ஹார்பர் கேட்டுக்குப் போற கண்டெய்னர் வண்டிங்க எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல வரிசையா நிக்கும். அதுல ஒண்ணு அப்பாவோடது. செகண்ட் ஹேண்ட்ல வாங்கின டிரெய்லர், சொந்த வண்டி, அவரே டிரைவர். 2020 மார்ச்ல ஊரடங்கு வந்தப்போ யார்டுல கொண்டு போய் நிறுத்தினாரு. அதுக்கப்புறம் முட்டி வலி, கேபின்ல ஏற முடியல. வண்டி அப்படியே நின்னுடுச்சு.

போன வருஷம், அதாவது 2025 மே மாசம், யார்டு ஓனர் இடத்தைக் காலி பண்ணச் சொல்லிட்டாரு. பழைய இரும்பு வாங்குறவரு வந்து பார்த்துட்டு, கிலோ கணக்குல ஒரு ரேட் சொன்னாரு. "என்ஜின் ஓடுச்சுன்னா வேற விலை. ஓடலன்னா இதுவும் இரும்புதான். திங்கட்கிழமை வரேன்"னாரு. அப்பா ஒண்ணும் பேசல. எண்ணூர்லயே செஞ்ச வண்டிய, அது பொறந்த இடத்துலேர்ந்து சில கிலோமீட்டர் தள்ளி இரும்பா எடை போடுறதுன்னா அவருக்கு எப்படி இருக்கும்?

இதுல ஒரு சின்ன வரலாறு இருக்கு. 1948-ல ரகுநந்தன் சரண் தன் மகன் அசோக் பேர்ல ஆரம்பிச்சதுதான் அசோக் மோட்டார்ஸ். எண்ணூர்ல முதல்ல பூட்டினது ஆஸ்டின் கார். அப்புறம் இங்கிலாந்து லேலண்ட் கம்பெனியோட சேர்ந்து லாரிக்கு மாறினாங்க. 1955-ல பேரு அசோக் லேலண்ட் ஆச்சு. நம்ம ஏரியால ஒரு தெருவுக்கு ஒருத்தராவது அங்க வேலை பார்த்தவரோ, அந்த வண்டி ஓட்டினவரோ, ரிப்பேர் பார்த்தவரோ இருப்பாரு.

நான் என்ன பண்ணேன்? யூடியூப்ல நாலு வீடியோ பார்த்தேன். ரெண்டு பேட்டரி இரவல் வாங்கினேன், லாரிக்கு 24 வோல்ட் வேணும்ல. புது டீசல் இருபது லிட்டர். வெள்ளிக்கிழமை சாயந்திரம் பேட்டரி கனெக்ஷன் குடுத்துட்டு சாவியில கைய வெச்சிட்டேன். அப்பா போன்ல, "தொடாதே. காசிமேட்லேர்ந்து அண்ணன் வரட்டும்"னு சொன்னதால விட்டேன். கோபத்தோடதான் விட்டேன்.

அந்த அண்ணன் போட் மெக்கானிக். நம்ம விசைப்படகுகள்லயும் லேலண்ட் என்ஜின் ஓடுது. கிழக்குக் கடற்கரையில ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அத்தனை போட்டும் சும்மா நிக்கும், என்ஜின் வேலையெல்லாம் அப்பதான் நடக்கும். நின்ன என்ஜினை எழுப்புறது அவருக்கு வருஷா வருஷம் பண்ற வேலை. சனிக்கிழமை காலைல வந்தாரு.

வந்தவரு பானெட் பக்கம் போகல. டயரைப் பார்த்தாரு. "மிக்ஜாம்ல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?"ன்னு கேட்டாரு. 2023 டிசம்பர் புயல் ஞாபகம் இருக்கும். எண்ணூர் பக்கம் வெள்ளத்தோட எண்ணெய்யும் சேர்ந்து வந்துச்சு. டயர்ல பாதிக்குக் கீழே கறுப்பா ஒரு கோடு இருந்துச்சு. "அப்போ என்ஜினுக்குள்ள போயிருக்காது. ஹவுசிங்கைப் பார்க்கணும்"னாரு. பின்னாடி ஹவுசிங் பிளக்கை லூஸ் பண்ணா, ஆயில் பால் டீ மாதிரி வந்துச்சு. தண்ணி கலந்துடுச்சு.

அடுத்து என்ஜின் சம்ப் பிளக். முழுசா கழட்டாம மெதுவா லூஸ் பண்ணாரு. ஆயிலை விட தண்ணி கனம். வருஷக்கணக்கா நின்னா தண்ணி அடியில தங்கிடும், தொறந்தா அதுதான் முதல்ல வரும். கறுப்பு ஆயில் மட்டும் வந்துச்சு. ஒரு நல்ல செய்தி.

"இப்போ ஸ்டார்ட் பண்ணலாமா?"ன்னு கேட்டேன். அவரு நாசில் எல்லாத்தையும் கழட்ட ஆரம்பிச்சாரு.

இது ஏன்னு புரியணும்னா டீசல் என்ஜின் எப்படி வேலை செய்யுதுன்னு தெரியணும். அதில் ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றைப் பதினாறு, பதினேழு மடங்கு நெருக்கும். அந்தச் சூட்டிலேயே டீசல் பத்திக்கும். காற்றை நெருக்கலாம், தண்ணியை நெருக்க முடியாது. சிலிண்டருக்குள்ள எப்படியோ கொஞ்சம் தண்ணி சேர்ந்திருந்து, நாம செல்ஃப் அடிச்சா, கனெக்டிங் ராடே வளைஞ்சுடும். நாசிலைக் கழட்டிட்டா தண்ணி அந்த ஓட்டை வழியா வெளிய வந்துடும்.

எங்க என்ஜின்ல தண்ணி இல்ல, ஆனா துரு இருந்துச்சு. கடற்கரை ஏரியால இது சகஜம். காற்றுல ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினா உப்பு தானாவே அந்த ஈரத்தை இழுத்துக் கரையும். இரும்பு மேல உப்புத்தூள் படிஞ்சிருந்தா, மழையே பெய்யலன்னாலும் அது நனைஞ்சுதான் இருக்கும். ஒவ்வொரு சிலிண்டர்லயும் டீசலும் ஆயிலும் கலந்து ஊத்தி ஒரு ராத்திரி விட்டாரு. ஞாயித்துக்கிழமை கிராங்க் புல்லி நட்டுல நீளமா ஒரு லீவர் போட்டு, கையாலயே முன்னாடி பின்னாடி அசைச்சாரு. முதல்ல அசையவே இல்ல. அப்புறம் ஒரு விரல்கடை. மத்தியானம் முழுசா ஒரு சுத்து சுத்திடுச்சு. நான் கை தட்டினேன்.

அவரு திரும்பி, "சாவிய ஆஃப் பண்ணா இந்த என்ஜின் நிக்குமாபா?"ன்னு கேட்டாரு.

நான் பைக் ஓட்டுறவன். "நிக்கும்"னேன்.

நிக்காது மக்களே. பழைய மெக்கானிக்கல் பம்ப் வெச்ச டீசல் என்ஜின் ஒரு தடவை ஓட ஆரம்பிச்சா அதுக்குக் கரண்ட்டே தேவையில்ல. நிறுத்த தனியா ஒரு ஸ்டாப்பர் கேபிள் இருக்கும். அதை இழுத்தா பம்ப்புக்குள்ள இருக்கிற ராக் நகர்ந்து டீசலை நிறுத்தும். விஷயம் என்னன்னா, என்ஜின் நின்னு கேபிளை விட்டதும், கவர்னர் ஸ்பிரிங் அந்த ராக்கை ஃபுல் டீசல் பக்கம் தள்ளி வெச்சிடும். அடுத்த தடவை ஈஸியா ஸ்டார்ட் ஆகணும்ல, அதுக்காக. அதே நிலையில அஞ்சு வருஷம் நின்னு, பழைய டீசல் பிசின் மாதிரி இறுகினா, ராக் அங்கேயே ஒட்டிக்கும்.

அவரு கேபிளை இழுத்துக் காட்டினாரு. லீவர் அசையல.

அதாவது, வெள்ளிக்கிழமை நான் ஒருவேளை எப்படியோ ஸ்டார்ட் பண்ணியிருந்தா, என்ஜின் நேரா உச்ச வேகத்துக்குப் போயிருக்கும். சாவி, ஸ்டாப்பர் எதுக்கும் நின்னிருக்காது. அப்படி ஓடுற என்ஜின் வெடிச்சு துண்டு துண்டா வெளிய பறக்கிறதும் உண்டு. பக்கத்துல நான் நின்னிருப்பேன், என் போனைப் பிடிச்சுக்கிட்டு வீடியோ எடுக்க என் தங்கச்சி நின்னிருப்பா.

ஸ்டார்ட் ஆகலன்னா என்ன பண்றதுன்னு மூணு நாளா யோசிச்சேன். ஸ்டார்ட் ஆயிட்டா என்ன பண்றதுன்னு ஒரு நிமிஷம் கூட யோசிக்கல.

பம்ப்பைக் கழட்டி பம்ப் கடைக்குக் குடுத்தோம். திங்கட்கிழமை இரும்புக்காரர் வந்தப்போ லாரி பாதி பிரிச்சுக் கிடந்துச்சு. அப்பா அவருகிட்ட, "இன்னும் நாலு நாள் குடுங்க"ன்னாரு. அந்த வாரத்துல அவரு பேசின முதல் பெரிய வாக்கியம் அது.

வியாழக்கிழமை. டேங்க்கைக் காலி பண்ணி கழுவியாச்சு. புது ஃபில்டர், புது ஆயில், ரேடியேட்டர் ஹோஸ். ஏர் ஃபில்டருக்குள்ள எலிக்கூடு, அதையும் எடுத்தாச்சு. பிரேக்குக்குக் காத்து இல்லாததால சக்கரத்துக்கு முன்னாடி பின்னாடி கட்டை. கியர் நியூட்ரல்.

அண்ணன் எனக்கு ஒரு பிளைவுட் துண்டு குடுத்தாரு. "நிக்கலன்னா காத்து இழுக்கிற வாய மூடு. கை வெக்காத, துணி வெக்காத, உள்ள இழுத்துடும்." இன்னொருத்தர் கையில ஸ்பேனர், நாசில் பைப் நட்டை லூஸ் பண்ண. அப்புறம் ஸ்டாப்பரை இழுத்துப் பிடிச்சபடியே, டீசல் போகாம, செல்ஃப் அடிச்சாரு. ஆயில் மீட்டர் முள் எழும்புற வரைக்கும். வறண்டு கிடந்த பேரிங்குக்கெல்லாம் முதல்ல ஆயில் போகணும். ஹேண்ட் பம்ப் அடிச்சு ஏர் லாக் எடுத்தாரு. அப்புறம்தான் ஸ்டாப்பரை விட்டாரு.

ரெண்டு இருமல். வெள்ளைப் புகை. அப்புறம் பிடிச்சுக்கிச்சு. யார்டே அதிர்ந்துச்சு. நான் பிளைவுட்டைப் பிடிச்சுக்கிட்டு சிலை மாதிரி நிக்கிறேன், கண்ணுல தண்ணி. புகைன்னு சொல்லிக்கிட்டேன்.

அப்பா சேர்ல உக்காந்திருந்தாரு. சிரிப்பாரு, அழுவாருன்னு பார்த்தேன். அவரு கையைத் தூக்கி, "நிறுத்து"ன்னாரு. அண்ணன் ஸ்டாப்பரை இழுத்தாரு. டக்னு நின்னுச்சு.

"இப்போ சரி. மறுபடி போடு"ன்னாரு அப்பா.

வண்டி திரும்ப ரோட்டுக்குப் போகல. எட்டு வருஷம் தாண்டின லாரிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. எடுக்கணும், இன்ஷூரன்ஸ், டேக்ஸ் வேற. அது எங்களால முடியாது. ஆனா கிலோ கணக்குல போகல. ஓடுற என்ஜினோட விலைக்குப் பேசி முடிச்சோம்.

உங்க வீட்டுலயோ, ஊர்லயோ ரொம்ப நாளா நிக்கிற டிராக்டர், ஜெனரேட்டர், பம்ப் செட் இருந்தா, சாவியைத் தேடாதீங்க. முதல்ல ஸ்டாப்பரை அசைச்சுப் பாருங்க. கூட தெரிஞ்ச ஒருத்தரை வெச்சுக்கோங்க.

அடுத்த வாரம் பார்ப்போம்.