ஒரே திசை பார்த்து
(பொதுக்காலம் 13 ஆம் ஞாயிறு: வானொலி மறையுரை)



இன்றைய நற்செய்தி ஒரு கடற்கரையில் தொடங்குகிறது. படகிலிருந்து இறங்கிய இயேசு கலிலேயக் கடலோரம் நிற்கிறார். தொழுகைக்கூடத் தலைவர் யாயிர் ஓடிவந்து அவர் காலில் விழுகிறார். அவருடைய மகள் சாகும் நிலையில் கிடக்கிறாள். அவளுக்கு வயது 12. அந்தக் கடற்கரையிலிருந்து வீடு வரைக்கும் ஒரு தந்தை நடந்த வழியைத்தான் மாற்கு தம் நற்செய்தியின் 5 ஆம் அதிகாரத்தில் நமக்குச் சொல்கிறார்.

வழியில் கூட்டம் நெருக்குகிறது. 12 ஆண்டுகளாக நோயுற்றிருந்த ஒரு பெண்ணுக்காக இயேசு நின்றுவிடுகிறார். மகளைப் பெற்றவருக்கு ஒவ்வொரு நிமிடமும் எப்படி இருந்திருக்கும்? ஆனாலும் யாயிர் முணுமுணுத்ததாக ஒரு சொல்கூட எழுதப்படவில்லை. ஆண்டவர் நின்றபோது அவரும் நின்றார். நடந்தபோது அவரும் நடந்தார்.

அன்பானவர்களே, பிள்ளைகளுக்காக நாம் யார் காலிலும் விழத் தயங்குவதில்லை. கடன் வாங்குகிறோம், நகையை அடகு வைக்கிறோம், நோன்பு இருக்கிறோம். பிள்ளைக்காக இவ்வளவும் செய்கிற நாம், பிள்ளையோடு ஒரு நாள் முழுவதும் இருந்திருக்கிறோமா?

நமக்குத் தெரிந்த ஒரு தந்தை இருக்கிறார். தூத்துக்குடியில் உப்பு லாரி ஓட்டுகிறவர். அவருடைய அனுமதியோடும் அவர் மகளுடைய அனுமதியோடும், பெயர் குறிப்பிடாமல் இதைச் சொல்கிறோம். மகள் இரண்டு முறை நீட் தேர்வு எழுதியும் மதிப்பெண் போதவில்லை. மூன்றாம் முறை எழுதியே ஆக வேண்டும் என்று பயிற்சி மையத்திற்குக் கட்ட வேண்டிய பணத்தையும் புரட்டி வைத்துவிட்டார். வீட்டில் பேச்சு குறைந்துபோயிற்று. “படிச்சியா?” என்பது அவர் கேட்கும் கேள்வி. “ம்” என்பது அவள் சொல்லும் பதில்.

“ஊரெல்லாம் லாரி ஓட்டியிருக்கீங்க. அவளை ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போயிருக்கீங்களா?” என்று ஒரு நாள் மனைவி கேட்டுவிட்டார். நண்பரின் காரை இரவல் வாங்கி, அடுத்த சனிக்கிழமை காலைத் திருப்பலி முடிந்ததும் மகளோடு கன்னியாகுமரிக்குப் புறப்பட்டார். கடலோரமாகப் போனால் ஏறத்தாழ 130 கிலோமீட்டர்.

அந்தச் சாலை நம்மில் பலருக்குத் தெரிந்ததுதான். முள்ளக்காட்டில் வெள்ளை வெளேர் என்று உப்பளங்கள். அதைத் தாண்டினால் தாமிரபரணிப் பாலம், ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்கள். திருச்செந்தூருக்குத் தெற்கே பனங்காடும் செந்நிறத் தேரி மணலும். வழியில் ஓலைப் பட்டையில் பதநீர் வாங்கிக் குடித்தார்கள். அதுவரைக்கும் பேசியதெல்லாம் வெயிலைப் பற்றியும் வண்டியைப் பற்றியும் மட்டும்தான்.

மணப்பாட்டில் இறங்கினார்கள். மணல் குன்றின்மேல் திருச்சிலுவை ஆலயம். அதன் கீழே, அலை வந்து மோதும் பாறையில், புனித சவேரியார் தங்கிச் செபித்த குகை. 1542 இல் இந்த முத்துக்குளித்துறைக்கு வந்து, ஊர் ஊராக நடந்தே சென்றவர் அவர். அந்த ஆண்டே தூத்துக்குடியிலிருந்து ரோமுக்கு எழுதிய கடிதத்தில், இந்தக் கரையின் சிறுவர்களைப் பற்றிக் குறிப்பிடுகிறார். செபங்களைக் கற்றுத்தரும் வரைக்கும் தம்மைத் திருப்புகழ்மாலை சொல்லவோ, உண்ணவோ, உறங்கவோ அவர்கள் விடவில்லை என்கிறார். விண்ணரசு இத்தகையோருக்கு உரியது என்பதன் பொருள் அப்போதுதான் தமக்குப் புரியத் தொடங்கியது என்றும் எழுதுகிறார். கற்பிக்க வந்தவருக்குப் பிள்ளைகளே பாடம் ஆனார்கள். குகையில் சற்று நேரம் முழந்தாளிட்டுவிட்டுத் தந்தையும் மகளும் புறப்பட்டார்கள்.

பெரியதாழை தாண்டியதும் மகள் வாய் திறந்தாள். “அப்பா, மூணாவது தடவ என்னால முடியாதுப்பா.”

வீட்டில் என்றால் அவர் கத்தியிருப்பார். அதை அவரே நம்மிடம் சொன்னார். ஆனால் கையில் ஸ்டியரிங் இருந்தது. கண் சாலையில் இருந்தது. அவள் அஞ்சிய அந்த முகம் அவள் பக்கம் திரும்பவில்லை. அந்தத் துணிவில் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். உறக்கமில்லாத இரவுகளைச் சொன்னாள். கடன் தொகையை நினைத்தாலே நெஞ்சு அடைப்பதைச் சொன்னாள். ஒரு நள்ளிரவில் மொட்டை மாடியின் விளிம்பில் போய் நின்றதையும், அம்மா இருமிய சத்தம் கேட்டு இறங்கி வந்ததையும் சொன்னாள்.

அவருக்குப் பதில் வரவில்லை. உவரி வரைக்கும் ஓட்டினார். வண்டியை நிறுத்திவிட்டு, “பசிக்குதாம்மா?” என்று கேட்டார். மீன் குழம்பும் சோறும் வாங்கிக் கொடுத்து, அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் இருந்தார். பிறகு, “அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துடுவோம்” என்றார்.

இன்றைய நற்செய்தியின் கடைசி வரிக்கு வருவோம். இறந்த சிறுமியை எழுப்பிய ஆண்டவர் பெற்றோருக்கு நீண்ட அறிவுரை எதுவும் சொல்லவில்லை. அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுக்கும்படி சொன்னார். பிள்ளை உயிரோடு இருக்கிறாள், அவளுக்குப் பசிக்கும், மற்றதெல்லாம் பிறகு.

அன்று மாலை தந்தையும் மகளும் குமரிக் கடலைப் பார்த்துவிட்டு வீடு திரும்பினார்கள். அவள் இப்போது மீன்வளப் படிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறாள். இடம் கிடைக்குமா என்று இன்னும் தெரியாது. மனநல மருத்துவர் ஒருவரையும் பார்த்து வருகிறார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நாம் சொல்லவில்லை. பேச்சு திரும்பியிருக்கிறது என்று சொல்கிறோம்.

அன்பான பெற்றோரே, எதிரே உட்கார வைத்துக் கேள்வி கேட்டால் பிள்ளைகள் குற்றவாளிகளாகிவிடுகிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருந்தால் வழித்துணையாகிவிடுகிறார்கள். கார் வேண்டும் என்பதில்லை; இரு சக்கர வண்டி போதும், நகரப் பேருந்து போதும், மாலையில் கடற்கரைக்கு ஒரு நடை போதும். கைப்பேசியைப் பையில் வைத்துவிடுங்கள். பதில் தயாராக வைத்துக்கொண்டு கேட்காதீர்கள். பிள்ளை பேசத் தொடங்கும்வரை, யாயிரைப் போல, நிற்க வேண்டிய இடத்தில் நில்லுங்கள்.

அன்பான பிள்ளைகளே, விளிம்பில் நிற்பதுபோல் உங்களுக்குத் தோன்றினால், அப்பாவிடமோ அம்மாவிடமோ ஆசிரியரிடமோ பங்குத்தந்தையிடமோ இன்றே சொல்லுங்கள். 104 என்ற எண்ணிலும், 14416 என்ற எண்ணிலும் உங்கள் குரலைக் கேட்க ஆள் இருக்கிறார்கள். தேர்வில் தோற்ற பிள்ளைக்கும் வீட்டில் ஒரு தட்டு சோறு உண்டு.

செபிப்போமாக: ஆண்டவரே, யாயிரின் வழியில் அவரோடு நடந்தவரே, எங்கள் இல்லங்களில் பேச்சற்றுப்போன பெற்றோரோடும் பிள்ளைகளோடும் நடந்தருளும். கேட்கும் காதுகளையும், காத்திருக்கும் பொறுமையையும் எங்களுக்குத் தாரும். ஆமென்.

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!