கல்லின் சூடும் மூடியின் சூடும்

கமாடோ எனப்படும் பீங்கான் கிரில், முட்டை வடிவில் தடித்த சுவரோடு அமைந்த கரி அடுப்பு. கீழே ஒரு காற்றுவாய், மூடியின் உச்சியில் ஒரு காற்றுவாய். கும்முட்டி அடுப்பைப் போல இதுவும் கீழிருந்து காற்றை இழுத்துத் தணலை வளர்க்கிறது. ஆனால் மேலே கனத்த மூடி இருப்பதால், சூடு ஆகாயத்தில் கலந்து போகாமல் சுவரிலும் மூடியிலும் தங்குகிறது. ஜப்பானில் சோறு ஆக்கப் பயன்பட்ட முஷிகமாடோ என்னும் மூடியுள்ள களிமண் அடுப்புதான் இதன் முன்னோடி. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில் பணியாற்றிய அமெரிக்கப் படையினர் அதைத் தங்கள் ஊருக்குக் கொண்டு சென்றனர். 1974இல் எட் ஃபிஷர் அட்லாண்டா நகரில் இவ்வகை அடுப்பை விற்கத் தொடங்கினார். களிமண் அடுப்புகள் நாளடைவில் விரிசல் விட்டன. கடும் வெப்பம் தாங்கும் பீங்கானுக்கு மாறிய பிறகு, அவர் விற்ற பிக் கிரீன் எக் என்னும் அடுப்பு நிலைத்து நின்றது. 2009இல் கமாடோ ஜோ நிறுவனம் வந்தது. இன்று இந்த அடுப்பு சிறியதும் பெரியதுமாகப் பல அளவுகளில் கிடைக்கிறது.

இறைச்சியை நிதானமாக வேகவைக்க இந்த அடுப்பு பெயர் பெற்றது. பீட்சாதான் இதற்குச் சோதனை. பீட்சாவுக்கு இரண்டு சூடு வேண்டும். அடிப்பாகம் கல்லைத் தொட்டு வேகிறது. மேற்பாகம் மூடியிலிருந்து இறங்கும் கதிர்வீச்சில் வேகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் வேலையை முடிக்க வேண்டும். சிறிய கிரில்லில் தணலுக்கும் கல்லுக்கும் இடைவெளி குறைவு. கல் விரைவில் காய்ந்துவிடும்; மூடி பின்தங்கும். அடி கருகி, மேலே பாலாடைக்கட்டி உருகாமல் நிற்பது இதனால்தான். ஆகவே சிறிய பீங்கான் கிரில்லில் பீட்சா சுடுவது, மூடியின் சூட்டைக் கல்லின் சூட்டுக்கு இணையாக்கும் வேலை. கிரில்லைத் தேர்ந்தெடுப்பதும் அதற்காகவே, தணலை ஆள்வதும் அதற்காகவே.

முதலில் அளவு. பிக் கிரீன் எக் வரிசையில் மிகச் சிறியதான மினியின் கம்பித்தட்டு சுமார் 25 சென்டிமீட்டர் விட்டம் உள்ளது. பீட்சாவுக்கு அது போதாது. அதில் கல்லை வைத்தால் சுற்றிலும் காற்று ஏற வழியில்லை. வழி விட்டுக் கல்லைச் சிறிதாக்கினால் பீட்சா தட்டுவடை அளவுக்குச் சுருங்கிவிடும். அதே வரிசையின் மினிமேக்ஸ், ஸ்மால் இரண்டின் தட்டும் 33 சென்டிமீட்டர். கமாடோ ஜோ ஜூனியரின் தட்டும் ஏறக்குறைய அதே அளவுதான். பீட்சா சுடக்கூடிய சிறிய கிரில் இங்கிருந்துதான் தொடங்குகிறது. எடை 30 முதல் 36 கிலோவுக்குள் அடங்கும். இருவர் தூக்கி இடம் மாற்றலாம். 46 சென்டிமீட்டர் தட்டுள்ள பெரிய கிரில்லின் எடை 70 கிலோவைத் தாண்டும். இருவரோ மூவரோ உள்ள வீட்டுக்கு அதை வாங்குவது கரிக்கும் கேடு, முதுகுக்கும் கேடு. ஒரே அளவு தட்டுள்ள இரு கிரில்களில் மினிமேக்ஸ் குட்டையானது, ஸ்மால் உயரமானது. எடுத்துச் செல்லக் குட்டையானது வசதி. பீட்சாவுக்கு உயரமானதே மேல். தணல் ஆழத்தில் இருந்தால் கல் அவசரப்படாது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை சில உண்டு. பீங்கானை விரல் கணுவால் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். உள்ளே விரிசல் இருந்தால் ஓசை மந்தமாகும். மேற்பூச்சில் மட்டும் மயிரிழைக் கோடுகள் இருந்தால் கவலை இல்லை. மூடிக்கும் உடலுக்கும் இடையே ஒரு ரூபாய் நோட்டை வைத்து மூடி, மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். சுற்றிலும் எல்லா இடத்திலும் அது இறுக்கமாகப் பிடிபட்டால் மூடி நன்றாகப் பொருந்துகிறது. விளிம்பில் ஒட்டியிருக்கும் கேஸ்கெட் கம்பளித் துணி போன்றதாக இருந்தால் பீட்சாவின் சூட்டில் நாளடைவில் கருகும். கண்ணாடி இழையால் ஆனது அதிக நாள் தாங்கும். சிறிய கிரில்லை மேசைமேல் வைப்பவர்கள் அடியில் காற்றோட்டம் உள்ள தாங்கியையும் சேர்த்து வாங்க வேண்டும். அடிப்பாகத்தின் சூடு மரத்தை எரித்துவிடும். அடுக்ககத்தின் மூடிய பால்கனியோ சமையலறையோ இதற்கு இடமல்ல. கரிப்புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. திறந்த வெளியே இதற்கு இடம்.

அடுத்து, இப்போதைய மோகம் ஒன்று. எந்த அடுப்பாக இருந்தாலும் 450 டிகிரி செல்சியசுக்கு ஏற்றி, 90 விநாடியில் பீட்சாவை எடுப்பதே திறமை என்று ஒரு நினைப்பு பரவியிருக்கிறது. இது நேப்பிள்ஸ் நகரத்து முறை. அங்கே 1984இல் அமைந்த பீட்சா சங்கத்தின் விதிப்படி பீட்சா 60 முதல் 90 விநாடிக்குள் வெந்தாக வேண்டும். 2017இல் யுனெஸ்கோ அந்நகரப் பீட்சாக் கலையைப் பண்பாட்டு மரபாக ஏற்றது. மரியாதைக்குரிய கலைதான். ஆனால் அங்குள்ள விறகு அடுப்பில் நெருப்பு கல்லின் ஓரத்தில் எரிகிறது. சுவாலை கூரையைத் தடவிக்கொண்டு பீட்சாவின் தலைக்கு மேலே ஓடுகிறது. மேற்சூடு அங்கே தானாகவே கிடைத்துவிடுகிறது. கமாடோவில் நெருப்பு கல்லுக்கு அடியில் இருக்கிறது. அதை 450 டிகிரிக்கு விரட்டினால் கல்தான் முதலில் வெறிகொள்ளும். மூடி எட்டிப் பிடிக்காது. கேஸ்கெட் கருகும், சிறிய கூடையில் உள்ள கரி வேகமாகத் தீரும், மூடியைத் திறப்பவரின் கையும் ஆபத்துக்குள்ளாகும். 90 விநாடிப் பீட்சா வேண்டும் என்போருக்கு அதற்கென்றே சிறிய எரிவாயு அடுப்புகள் வந்திருக்கின்றன. சிறிய கமாடோவுக்கு உரிய சூடு 300 டிகிரி. உரிய நேரம் ஆறு முதல் எட்டு நிமிடம். மறுபடியும் சொன்னால், 300 டிகிரி, ஆறு முதல் எட்டு நிமிடம்.

இந்த முறைக்கு முன்மாதிரி நேப்பிள்சில் இல்லை. அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் இருக்கிறது. இத்தாலியிலிருந்து குடியேறிய ஃபிராங்க் பெப்பே 1925இல் அங்கே வூஸ்டர் தெருவில் கடை திறந்தார். நிலக்கரி அடுப்பு. பீட்சா சில நிமிடங்கள் உள்ளே கிடந்து வேகிறது. ஓரத்தில் ஈரம் வற்றி, ஆங்காங்கே கருமை படிந்து, கடித்தால் நொறுங்கி, உள்ளே இழுபடும் பதம் கிடைக்கிறது. வெள்ளைச் சிப்பிப் பீட்சாவால் அந்தக் கடை புகழ்பெற்றது; ஆனால் அதன் பெருமை முழுவதும் அடிமாவில்தான். கரித்தணலின் வறண்ட சூட்டில் பொறுமையாக வெந்த அந்த அடிமாவே சிறிய கமாடோ எட்டக்கூடிய, எட்ட வேண்டிய இலக்கு.

அதை எட்டும் வழி கல்லை உயர்த்தி வைப்பது. வேறு எதைவிட்டாலும் இதை விடக்கூடாது. அடுக்கு இப்படி அமைகிறது. அடியில் தணல். அதன்மேல் பீங்கானால் ஆன வெப்பத் தடுப்பு. அதன்மேல் கம்பித்தட்டு. தட்டின்மேல் மூன்று சிறிய கால்கள். கால்களின்மேல் பீட்சாக் கல். தடுப்பு, தணலின் நேர்சூடு கல்லைத் தாக்காமல் மறைக்கிறது. தடுப்புக்கும் கல்லுக்கும் இடையே இருக்கும் காற்று, தடுப்பின் சூடு அப்படியே கல்லுக்குத் தாவாமல் காக்கிறது. சூடான காற்று விளிம்பு வழியாக ஏறி, மூடியில் மோதி, பீட்சாவின் மேலே தவழ்ந்து, உச்சியின் காற்றுவாய் வழியாக வெளியேறுகிறது. கல்லின் மட்டம் அடுப்பின் வாய் விளிம்புக்குச் சமமாகவோ ஒரு விரல் உயரமாகவோ இருக்க வேண்டும். கல் உயர உயர அடிச்சூட்டிலிருந்து விலகுகிறது, மேற்சூட்டை நெருங்குகிறது. ஒரே செயலில் இரண்டு பயன்.

கால்களாக வைக்கக் கடையில் விற்கும் பொருள்தான் வேண்டும் என்பதில்லை. இந்த அடுப்பில் ஊறிய அமெரிக்கர்கள், குழாய் வேலையில் மிஞ்சும் எல்போ என்னும் வளைந்த செம்பு இணைப்பு மூன்றை எடுத்து வைத்து அதன்மேல் கல்லை நிறுத்துகிறார்கள். உயரம் சரியாக இருக்கும், ஆடாது, சூட்டுக்கும் அசராது. கல் கார்டியரைட் வகையாக இருப்பது நல்லது; சூட்டில் மிகக் குறைவாகவே விரிவதால் எளிதில் பிளக்காது. 33 சென்டிமீட்டர் தட்டுக்கு 28 சென்டிமீட்டர் கல் போதும். சுற்றிலும் இரண்டரை சென்டிமீட்டர் காற்றுக்கு விட வேண்டும். இப்போது பலர் விரும்பும் இரும்புப் பலகை வீட்டு மின் அடுப்புக்குப் பொருந்தும். அடியில் நெருப்புள்ள கமாடோவில் அது சூட்டை அளவுக்கு மீறி வேகமாக மாவுக்குள் செலுத்தி அடியைக் கருக்கிவிடும்.

கல்லை உயர்த்திய பிறகு காத்திருக்க வேண்டும். மூடியில் உள்ள வெப்பமானி காட்டுவது காற்றின் சூடு. காற்று 20 நிமிடத்தில் 300 டிகிரியைத் தொட்டுவிடும். மூடியின் பீங்கான் அந்தச் சூட்டைக் குடித்துத் திருப்பி வீச முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். முள் ஏறியதும் மாவைப் போடுவதே பெரும்பாலான கருகிய அடிகளுக்குக் காரணம். கல்லின் சூட்டை அகச்சிவப்பு வெப்பமானியால் தனியே பார்க்க வேண்டும். 300 முதல் 320 டிகிரி நல்லது. 350ஐத் தாண்டினால் காற்றுவாய்களைக் குறைத்துப் பொறுத்திருக்க வேண்டும். முள் 270ஐத் தொடும்போதே காற்றுவாயைக் குறைக்கத் தொடங்குவது உத்தமம். பீங்கான் சூட்டை வாங்கிவிட்டால் எளிதில் விடாது.

மூடியை அடிக்கடி திறப்பது இந்த உழைப்பையெல்லாம் வீணாக்கும். திறந்தால் மூடி குளிர்கிறது; அதே வேளை தணலுக்குக் காற்று கிடைத்துக் கனல் பொங்குகிறது. மேற்சூடு இறங்கும், அடிச்சூடு ஏறும். வேண்டியதற்கு நேர் எதிர். போட ஒரு முறை, திருப்ப ஒரு முறை, எடுக்க ஒரு முறை. அதற்கு மேல் வேண்டாம். திறக்கும்போதும் முதலில் இரண்டு விரல் அளவு தூக்கிச் சில விநாடி நிறுத்த வேண்டும். காற்றுக்கு ஏங்கிக் கிடக்கும் தணல், மூடி சட்டென்று திறந்தால் சுவாலையாகச் சீறும்.

கரி, கட்டியான மரக்கரியாக இருக்க வேண்டும். பொடியைப் பிசைந்து அச்சில் வார்த்த கரிக்கட்டிகள் சாம்பலை நிறையத் தள்ளிக் கீழ்வாயை அடைக்கும். பெரிய துண்டுகளை அடியிலும் சிறியவற்றை மேலேயும் அடுக்கி, கூடையை முழுக்க நிரப்ப வேண்டும். நடுவில் கரி தீர்ந்தால் சுடுகல்லையும் தடுப்பையும் எடுத்த பிறகே கரி சேர்க்க முடியும். மண்ணெண்ணெயோ வேறு திரவ எரிபொருளோ கூடாது. பீங்கான் அதன் வாடையை உறிஞ்சிக்கொள்ளும்.

மாவும் 300 டிகிரிக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். நேப்பிள்ஸ் மாவில் எண்ணெயும் சர்க்கரையும் இல்லை. மிதமான சூட்டில் அது வெளுத்தே கிடக்கும். இங்கே 100 கிராம் மாவுக்கு 62 கிராம் நீர், 2 கிராம் உப்பு, 2 கிராம் எண்ணெய், 1 கிராம் சர்க்கரை, ஒரு சிட்டிகை ஈஸ்ட். குளிர்பெட்டியில் ஒரு நாளோ இரண்டு நாளோ புளிக்கவிட்டு, சுடுவதற்கு இரண்டு மணி நேரம் முன் வெளியே எடுக்க வேண்டும். 200 கிராம் உருண்டை ஒன்று 25 சென்டிமீட்டர் பீட்சாவாகும். பூரிக்கட்டை வேண்டாம், அது ஓரத்தில் இருக்கும் காற்றைப் பிதுக்கிவிடும். விரலால் நடுவிலிருந்து தள்ளுவதே முறை. தக்காளியைக் கையால் மசித்து உப்பு சேர்த்தால் போதும். ஈரம் குறைந்த மொசரெல்லா ஏற்றது. மேலே போடுவது குறைவாக இருக்கட்டும். கனம் கூடினால் மேற்பாகம் மீண்டும் பின்தங்கும். பீட்சாவை ஏந்தும் பலகையில் சிறிது ரவை தூவினால் அது வழுக்கிக் கல்லில் இறங்கும். வெண்ணெய்த் தாள் இந்தச் சூட்டில் எரிந்துவிடும்.

பீட்சா இறங்கியதும் மூடி, நான்காம் நிமிடத்தில் ஒரு முறை அரைவட்டம் திருப்பி, ஆறாம் நிமிடத்துக்கு மேல் பார்த்து எடுக்க வேண்டும். அடுத்ததற்கு முன் மூடியபடி ஐந்து நிமிடம் இடைவெளி தர வேண்டும். மூடி இழந்த சூட்டை மீட்டுக்கொள்ளும். கருகிய ரவையைத் தூரிகையால் கல்லிலிருந்து நீக்காவிட்டால் அடுத்த பீட்சா கசக்கும்.

சுட்டு முடிந்ததும் இரண்டு காற்றுவாய்களையும் மூடினால் தணல் தானே அணையும். தண்ணீர் ஊற்றக் கூடாது, பீங்கான் பிளக்கும். கல்லை உள்ளேயே ஆறவிட்டு, மறுநாள் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். கல்லுக்கு சோப்பு ஆகாது. அது நுண்துளைகளில் தங்கிவிடும். மிஞ்சிய கரியைக் கிளறிச் சாம்பலை உதிர்த்து, மேலே புதுக்கரி சேர்த்தால் அடுத்த முறைக்கு அடுப்பு தயார்.