வினாத்தாளைக் கேட்கலாம், பிள்ளையின் பெயரைக் கொடுக்கலாமா?

(கும்மிடிப்பூண்டிப் பகுதி குறுவள மையக் கூட்டத்தில் அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தது. இன்று நம்மில் பலர் பாடக்குறிப்பு, வினாத்தாள், ஆண்டுவிழா வரவேற்புரை என எல்லாவற்றையும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேட்டு வாங்குகிறோம். அதில் தவறில்லை. எதைக் கேட்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்ற வரையறை மட்டும் நமக்குள் வேண்டும்.

முதலில் பயனைச் சொல்கிறேன். சிப்காட் தொழிற்சாலைகளுக்கும் செங்கல் சூளைகளுக்கும் ஒடிசா, பீகாரிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். ஆந்திர எல்லை அருகில் என்பதால், வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகளும் உண்டு. ‘ஆவியாதல்’ என்பதற்கு இந்தியில் என்ன சொல், பெற்றோர் கூட்டத்துக்கு ஒடியாவில் எப்படி இரண்டு வரி எழுதுவது என்று நான் செயலியைத்தான் கேட்கிறேன். ஆனால் எனக்கு ஒடியா தெரியாது. அந்த மொழி தெரிந்த பெற்றோர் ஒருவரிடம் காட்டி, பொருள் சரிதானா என்று கேட்ட பிறகே அனுப்புகிறேன்.

பாடத்துக்கும் இதே எச்சரிக்கை வேண்டும். அடுத்து வரக்கூடிய சொல் எது என்று கணித்துக் கணித்துத்தான் இந்தச் செயலிகள் விடை எழுதுகின்றன. அதனால் தவறையும் தயங்காமல் சொல்லும். குறள் எண் மாறலாம், நூலாசிரியர் பெயர் மாறலாம், இலக்கணக் குறிப்பு பிழையாகலாம். பாடநூலோடு ஒப்பிடாமல் எதையும் கரும்பலகைக்குக் கொண்டுபோக வேண்டாம்.

இனிச் சொல்வதுதான் முக்கியம். மாணவர் பெயர், எமிஸ் எண், ஆதார், சாதி, புகைப்படம், மதிப்பெண் பட்டியல் எதையும் இந்தச் செயலிகளில் ஏற்ற வேண்டாம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகள் என்றே வரையறுக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். ‘என் குடும்பம்’ என்று கட்டுரை எழுதச் சொன்னால், அப்பாவின் குடியையும் வீட்டுக் கடனையும் பிள்ளை எழுதிவிடுகிறது. மறுவாழ்வு முகாமிலிருந்து வரும் பிள்ளை, முகாம் வாழ்க்கையை எழுதுகிறது. டீச்சர் மட்டும்தான் படிப்பார் என்று நம்பி எழுதியது அது. பிழை திருத்துவதற்காக அதைப் படமெடுத்து அனுப்பினால், அந்த நம்பிக்கை என்னாவது?

பிள்ளைகள் தாங்களே பயன்படுத்துவது பற்றியும் கேட்கிறீர்கள். குறைந்தது 13 வயது ஆகியிருக்க வேண்டும் என்று யுனெஸ்கோ 2023 வழிகாட்டியில் பரிந்துரைத்தது. எனவே தொடக்கப் பள்ளியில் செயலி ஆசிரியரின் கையோடு நிற்கட்டும். உயர்நிலை வகுப்பில் ஒப்படைப்பு சொந்தமாக எழுதியதா என்று சந்தேகம் வந்தால், இன்னொரு செயலியிடம் தீர்ப்புக் கேட்காதீர்கள். பிள்ளையை அருகில் அழைத்து, எழுதியதை விளக்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் இவற்றைப் பேசி, உங்கள் பள்ளிக்கென்று தீர்மானமாக எழுதி வையுங்கள். புதிதாக வரும் ஆசிரியருக்கும் அது வழிகாட்டும்.