நீரிழிவும் பரம்பரைக் கூறும்

மிளகும் சுக்கும் மணக்கும் மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் நடந்தால் மலையாளத்தோடு கொங்கணியும் குஜராத்தியும் நம் தமிழும் செவியில் விழும். அருகே கொச்சிக் கோட்டைப் பகுதியில் சலவைத் தொழில் புரியும் தமிழ்க் குடும்பங்களின் முன்னோர் டச்சுக்காரர் காலத்திலேயே வந்தவர் என்பர். மொழி பலவாயினும் நீரிழிவு எல்லார் இல்லத்திலும் புகுந்துவிட்டது. 2023-இல் வெளியான அகில இந்திய ஆய்வின்படி நாட்டில் வயது வந்தோருள் 100-க்கு 11.4 பேருக்கு நீரிழிவு உண்டு, கேரளத்திலோ 25.5 பேருக்கு.

இந்நோயில் நாம் பெரிதும் நம்பும் அளவு, 'மூன்று மாதச் சர்க்கரை' எனப்படும் ஹெச்பிஏ1சி. இரத்தச் சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்கிறது. அதற்குள் அதன் ஹீமோகுளோபினில் சர்க்கரை சிறிது சிறிதாக ஒட்டுகிறது. ஒட்டியது எவ்வளவு என்று காண்பதே இச்சோதனை. சிவப்பணு அற்பாயுளில் மடிந்தால்? சர்க்கரை ஒட்டுவதற்கு அவகாசம் இல்லை. உடலில் சர்க்கரை மிகுந்திருந்தும் எண் தாழ்ந்து காட்டும்.

அவ்வாறு சிவப்பணுவின் ஆயுளைக் குறைக்கும் பரம்பரைக் கூறுகளுள் ஒன்று, ஜி6பிடி என்னும் நொதியின் குறைபாடு. மலேரியாவினின்று ஓரளவு காத்தமையால் அது தலைமுறை தலைமுறையாக நிலைத்தது என்பது அறிஞர் கருத்து. தாய்வழியே மகனுக்கு வருவது; ஆண்களையே மிகுதியும் பாதிப்பது. அதன் வகைகளுள் ஒன்றின் பெயரே 'கேரளா–கல்யாண்'! நம்மவர் பிழைப்பு நாடிச் சென்ற இடங்களின் பெயர் இரத்தக் கூறு ஒன்றுக்கு வாய்த்தது விந்தையே.

2017-இல் ஏறத்தாழ 1,60,000 பேரின் விவரங்களை ஆராய்ந்தவர்கள், ஆப்பிரிக்க வழிவந்த அமெரிக்கரிடம் காணும் ஜி6பிடி வகையொன்றால் ஆண்களுக்கு இவ்வெண் சுமார் 0.8 குறைந்துவிடுகிறது எனக் கண்டனர். 6.5-ஐ எட்டினால் நீரிழிவு என்பது விதி. உண்மையில் 7 காட்ட வேண்டியவருக்கு 6.2 காட்டினால், நோய் இல்லையென்று எண்ணி அவர் வீடு திரும்பிவிடுவார். சர்க்கரையோ கண்ணையும் சிறுநீரகத்தையும் ஓசையின்றி அரித்துக்கொண்டிருக்கும். எல்லா வகைகளும் இவ்வளவு மாறுதல் செய்வன அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பிற இனத்தாரிடம் கண்டதை அப்படியே நமக்குப் பொருத்துவதற்கும் இல்லை. சென்னையிலும் அமெரிக்காவின் டாலஸிலும் வாழும் தெற்காசியரை, டாலஸ் வெள்ளையரோடு ஒப்பிட்ட ஆராய்ச்சி ஒன்று 2006-இல் வெளிவந்தது. பிபிஏஆர்ஜி என்னும் மரபணுவின் மாற்றம் ஒன்று வெள்ளையரை நீரிழிவினின்று காக்கிறது, நம்மவரைக் காக்கவில்லை. கடல் கடந்து குடியேறியவரிடமும் அதே முடிவுதான்.

வெறும் வயிற்றிலும் உணவுக்குப் பின்னும் எடுத்த அளவுகள் உயர்ந்திருக்க, மூன்று மாத எண் மட்டும் தாழ்ந்திருந்தால், அம்முரண்பாட்டை மருத்துவரிடம் எடுத்துக் காட்டுதல் வேண்டும். ஜி6பிடி சோதனையும், சிவப்பணுவைச் சாராத ஃப்ரக்டோசமின் சோதனையும் உள்ளன. இரும்புச் சத்துக் குறைந்த சோகையிலோ எண் பொய்யாக உயர்வதும் உண்டு. மலேரியாவுக்கென பிரைமாகுயின் போன்ற மருந்து உண்டபின் சிறுநீர் கறுத்தவர் நம் தாய்வழியில் எவரேனும் உண்டா என்று ஊரிலுள்ள பெரியோரைக் கேட்டறிந்து செல்வது மருத்துவருக்குப் பேருதவியாகும்.