வீட்டுக் கணினியும் ஊர்க் கடமையும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தங்கவயலில் வாழும் நாம் அயலாரோடு சுவரைப் பங்கிட்டு வாழ்பவர்கள். லைன் வீடுகளில் பற்றும் நெருப்பு ஒரு வீட்டோடு நிற்பதில்லை. சுரங்கத்தினுள்ளும் ஒருவரின் கவனக்குறைவு பலர் உயிருக்கு உலை வைக்கும். அவ்வுண்மை வீட்டுக் கணினிக்கும் பொருந்தும் என்பதையே இன்று எடுத்துரைக்க விழைகிறோம்.

வேண்டாத விளம்பரங்களும் வஞ்சக மடல்களும் நம் மின்னஞ்சலில் நாள்தோறும் குவிகின்றன. அனுப்புவோர் தம் சொந்தக் கணினியையே பயன்படுத்தினால் எளிதில் தடுத்துவிடலாம். ஆதலின் அவர்கள் திருட்டு மென்பொருளிலும் மடலோடு வரும் கோப்பிலும் நச்சு நிரலைப் பொதிந்து, பிறர் கணினியுள் புகுத்துகின்றனர். பின்னர் உரியவர் அறியாமலே அக்கணினி அவர்கள் ஏவலுக்குப் பணிந்து ஆயிரக்கணக்கில் மடல்களை அனுப்புகிறது. இவ்வாறு அடிமைப்பட்ட கணினிக் கூட்டத்தைப் 'பாட்நெட்' என்பர்.

2008 நவம்பரில் அமெரிக்காவில் மெக்கோலோ என்னும் நிறுவனத்தின் இணையத் தொடர்பு துண்டிக்கப்பட்டது. அக்கூட்டங்கள் பலவற்றை ஏவிய கணினிகள் அங்கேதான் இருந்தன. உடனே உலகெங்கும் குப்பை மடல்கள் பாதிக்கு மேல் குறைந்தன. ஆயினும் சில திங்களில் மீண்டும் பெருகின. ஏன்? நோயுற்ற கணினிகளும் நோய்க்கு இடந்தரும் கணினிகளும் வீடுகளில் அப்படியே இருந்தன!

கேடு அயலாருக்கு மட்டுமன்று. அத்தகைய மடல்கள் புறப்படும் இணைப்பின் எண் தடைப்பட்டியலில் ஏறும். ஓர் எண்ணைப் பல வீடுகள் பங்கிடுமாயின் குற்றமற்றோரும் அல்லற்படுவர். நச்சு நிரல் வங்கிக் கடவுச்சொல்லையும் களவாடக்கூடும். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்ட பின், நம் பிள்ளைகள் நாள்தோறும் பெங்களூருக்கு இரயிலேறி ஈட்டும் ஊதியம் அல்லவோ அந்த வங்கிக் கணக்கில் இருக்கிறது?

பரிகாரம் அரிதன்று. வீட்டு இணைப்பிலிருந்து பிற அஞ்சல் கணினிகளுக்கு நேரே செல்லும் 25ஆம் எண் வாயிலை இணைய நிறுவனத்தார் அடைத்தல் வேண்டும். நடுவண் அரசு 2017 பிப்ரவரியில் தொடங்கிய 'சைபர் சுவச்தா கேந்திரா', கணினியைத் தூய்மை செய்யும் மென்பொருளை இலவசமாக வழங்குகிறது. நம் பங்கு யாது? கணினியின் மென்பொருளை அவ்வப்போது புதுப்பித்தல். திருட்டு மென்பொருளை விலக்குதல். அறியாதார் அனுப்பும் கோப்பைத் திறவாதிருத்தல்.

வாயிலைப் பெருக்கிக் கோலமிடும் நம் தாய்மார்கள், குப்பையை அண்டை வீட்டு வாயிலில் தள்ளுவதில்லை. அந்தப் பண்பு நம் கணினியிலும் விளங்குக!