‘மிஸ்’ என்றொரு வினைச்சொல்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



எங்கள் வகுப்பின் சார்பில் டொக்டர் பேசுகிறா என்றதும் நீரிழிவைப் பற்றித்தான் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை, ஓர் ஆங்கில வினைச்சொல்லைப் பற்றி.

மண்ணெண்ணெய் தட்டுப்பட்ட தொண்ணூறுகளில் குப்பி விளக்கில் ஆங்கிலம் படித்தவர்கள் நாங்கள். ‘மிஸ்’ என்பதற்கு ரீச்சர் தந்த பொருள் ‘தவறவிடு’. பரந்தன் பஸ்ஸைத் தவறவிட்டேன், அவ்வளவுதான். பிறகு வெளிநாடு போன தோழிகளின் கடிதங்களில் ‘ஐ மிஸ் யூ’ வந்தது. உன்னைத் தவறவிட்டேன் என்றா எழுதுகிறாள் என்று குழம்பினோம். எங்கள் ஊரில் இதற்குச் சொல் இருக்கிறதே! ‘பிள்ளை தாயைத் தேடுது’ என்பார்கள். பிள்ளை எங்கும் போகவில்லை. பாயில் கிடந்து அழுகிறது. தேடலும் ஏக்கமும் ஒரே சொல்.

இவ்விரண்டு பொருளிலும் தவறவிட்டவர், ஏங்குபவர்தான் எழுவாய். ‘மிஸ்ஸிங்’ என்றானதும் இல்லாதவர் எழுவாயாகிவிடுகிறார். இல்லாமற் செய்தது யார் என்பதற்கு அங்கே இடமில்லை. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த அலுவலகத்தின் பெயரும் ‘காணாமற்போன ஆட்கள்’ என்றே சொல்கிறது. தாங்களாகப் போனது போல, தன்வினையில். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் போராட்டம் தொடங்கிய தாய்மார் சொல்வது ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’. பிறவினை, ஆக்கியவர் ஒருவர் உண்டு. ‘டிஸப்பியர்’ என்ற ஆங்கில வினையும் செயப்படுபொருள் ஏற்காதது என்றுதான் படித்தோம். 1977இல் ஆர்ஜென்டினாத் தாய்மார் தொடங்கிய போராட்டத்தை உலகம் அறிந்தபின், ஒருவரை ‘டிஸப்பியர் செய்தார்கள்’ என்று எழுதுவது ஆங்கிலத்திலும் பரவலாயிற்று. இலக்கணம் தாய்மாருக்கு வழிவிட்டது.

கிளினிக்கில் ஓர் அம்மாவிடம் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டோம். ‘நாலு’ என்றா. அடுத்த கட்டத்தில் உயிரோடுள்ளவர்களின் எண்ணிக்கையை எழுதவேண்டும். கேட்க வாய் வரவில்லை. அவவே சொன்னா:

“அதிலயும் நாலு எண்டே எழுதுங்கோ பிள்ளை. ஒருத்தனை என்ர கையாலதான் ஒப்படைச்சனான்.”

நாலு என்றே எழுதினோம்.

இனி மலர்க்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். எங்கள் வகுப்புப் பெயர்ப்பட்டியலில் இருவருக்கு எதிரே, முகவரி இருக்கவேண்டிய இடத்தில், ‘மிஸ்ஸிங்’ என்று தட்டச்சாகியிருக்கிறது. அவர்களுடைய தாய்மாரிடம் கேட்டுவிட்டோம். ‘காணாமல் ஆக்கப்பட்டவர்’ என்று திருத்தித் தாருங்கள். பெயர்களை எடுத்துவிட வேண்டாம்.